இல்லாத கொல்லை

ஆணியிலிருந்து ஏணி வரை எல்லாம் கிடைக்கிற பெரிய கடை அது. பூந்தொட்டிகளையும் தண்ணீர்க் குழாய்ச் சுருள்களையும் தாண்டிப் பின்பக்கம் போனால், கொல்லையில் வைத்துச் சமைக்கிற கிரில் அடுப்புகள் வரிசையாக நிற்கும். கரி போடுவது, கேஸில் எரிவது, நெருப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் புகையிலேயே இறைச்சியை வேகவைக்கிற ஸ்மோக்கர் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அவற்றுக்கு நடுவே பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பவரைக் கடையில் எல்லோரும் கிரில்காரர் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

கிரில்காரருக்கு வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, கொடி கட்டித் துணி காயப்போட்டால் ஆள் நிற்க இடமில்லாத ஒரு பால்கனி. மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். ஒரே மகள் எட்டாம் வகுப்பு படித்தாள். பால் அடிப்பிடித்தால்தான் அந்த வீட்டில் கரியையும் புகையையும் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், ஊருக்கெல்லாம் அடுப்பு விற்ற அந்த மனிதர் தன் கையால் ஒரு கிரில்லைக்கூடப் பற்றவைத்ததில்லை.

முதலில் அவர் பெயிண்ட் கலக்கும் மேசையில்தான் இருந்தார். முன்பு அடுப்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்றுப் போனதும் இவரைத் தூக்கி அங்கே போட்டார்கள். வந்த புதிதில், அட்டையில் போட்டிருந்ததை அப்படியே வாசித்துக் காட்டுவார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, யோசித்துவிட்டு வருகிறோம் என்று போய்விடுவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஒரு நாள் ஓர் அம்மாள், அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். உங்க வீட்ல எது வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னார். உருண்டையாக மூடி போட்ட கரி கிரில்லைக் காட்டி, "இதான்மா" என்றார். அந்த அம்மாள் அதையே எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். அதற்கடுத்து வந்தவர் கேட்பதற்கு முன்பே இவர் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல வீடு வளர்ந்தது. பின்பக்கம் ஒரு கொல்லை வந்தது. கொல்லைக்குச் சுற்றுச்சுவர் வந்தது. நிழலுக்கு ஓர் எலுமிச்சை மரம் முளைத்தது. வாங்குகிறவர்கள் என்னென்ன தப்பு செய்யக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மச்சானைப் பிறப்பித்தார். அந்த மச்சானுக்குப் பொறுமை கிடையாது. வெந்துவிட்டதா என்று நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்துச் சூட்டையெல்லாம் வெளியே விட்டுவிடுவான். ஜனங்களுக்கு மச்சானை ரொம்பப் பிடித்துப்போனது. கரி மூட்டை வாங்க மறுபடி வருகிறவர்கள், "மச்சான் இப்பவாவது திருந்தினாரா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். கிரில்காரரின் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பெண். கூடப்பிறந்தவர் என்று ஒரு பூனைக்குட்டிகூடக் கிடையாது.

இதைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. கடைப் பேச்சு என்று நினைத்தார். பொம்மைக்குச் சட்டை மாட்டி ஜன்னலில் நிறுத்துகிறார்களே, அதுமாதிரி. யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டில் இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அது ஏன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அப்படி இருந்தவரிடம்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

குள்ளமான, கனத்த தோள் கொண்ட மனிதர். வேலை உடுப்போடு, நகக்கண்ணில் கிரீஸோடு வந்திருந்தார். பாதி வாழ்க்கையை ஒரு பழைய அடுக்குமாடியில் கழித்துவிட்டு, இப்போதுதான் அவரும் மனைவியும் தனி வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். சின்ன வீடுதான். ஆனால் பின்னால் கொஞ்சம் மண் தரை இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் கைகளை விரித்து அளவு காட்டிய விதம், பிறந்த குழந்தை இவ்வளவு பெரிசு என்று காட்டுகிற மாதிரி இருந்தது. பழைய கட்டடத்தில் அவர்களோடு நல்லது கெட்டதில் நின்றவர்களையெல்லாம் ஒரு நாள் வரவழைத்து, வெளியில் உட்காரவைத்து, தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. கோழியும் பெரிய இறைச்சித் துண்டுமாக நிறையச் செய்ய வேண்டும். அதற்கு எது சரிப்படும் என்று கேட்டார்.

கிரில்காரர் ஆரம்பத்தில் நல்லபடியாகத்தான் சொன்னார். கேஸ் கிரில் பொத்தானை அமுக்கினால் எரியும், ஆனால் புகை வாசம் வராது. கரண்டில் ஓடுகிற மரக்குச்சியை எரிக்கிற மிஷின் தானே சூட்டைப் பார்த்துக்கொள்ளும். மழையில் நனையாத இடமும் ப்ளக் பாயிண்டும் வேண்டும். நின்ற வாக்கில் இருக்கிற டிரம் ஸ்மோக்கரில் நடுவே தண்ணீர்த் தட்டு இருப்பதால் சூடு ஒரே சீராக இருக்கும், புதியவர்களுக்கு நல்லது. உருண்டை கரி கிரில் எல்லாவற்றுக்கும் உதவும். லிஃப்ட் மெக்கானிக் உருண்டைக்கும் டிரம்முக்கும் நடுவே நின்று இரண்டையும் மாறிமாறித் தட்டிப் பார்த்தார். அந்த இரண்டில் எதை எடுத்திருந்தாலும் கதை வேறு.

அங்கே மூலையில் இன்னொன்று நின்றது. கிடையாகப் போட்ட பீப்பாய், ஒரு முனையில் நெருப்புக்கென்று தனிப்பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. கடைப் பையன்கள் அதை ரயில் எஞ்சின் என்பார்கள். விறகு போட்டுப் போட்டு நாள் முழுக்கப் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டிய ஸ்மோக்கர் அது. பழகினவர்களுக்கே தண்ணி காட்டும். வெகுநாளாக விற்காமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. புதுச் சரக்கு வருவதற்குள் அதைக் கிளப்பியாக வேண்டும் என்று சூப்பர்வைசர் காலையில்தான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். சொன்னவர் இப்போது பூந்தொட்டிகளின் பக்கம் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரில்காரர் மெதுவாக ரயில் எஞ்சின் பக்கம் நகர்ந்தார். கூட்டம் வருகிற வீட்டுக்கு இதுதான் என்றார். தன் வீட்டிலும் இதுதான் என்றார். எலுமிச்சை மரம் வந்தது, மச்சான் வந்தான். லிஃப்ட் மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் தயங்கினார். நெருப்பைப் பார்த்துக்கொள்வது கஷ்டமாக இருக்காதா என்று கேட்டார். அப்போது கிரில்காரர், எங்கேயும் படிக்காத, யாரும் சொல்லாத ஒன்றை அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொன்னார்.

"ஒண்ணும் கஷ்டமில்ல சார். நல்லாப் பத்தினதும் புகைபோக்கிய இறுக்க மூடிருங்க. புகை உள்ளயே சுத்தி நிக்கும். கறியில அப்படியே ஏறிரும். நான் வீட்ல அப்படித்தான் செய்றது."

காதுக்கு நியாயமாகத்தான் பட்டது. சொன்னவருக்கே பட்டது.

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, கரி மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். புத்தகப் பையைக் கழற்றவில்லை. பரீட்சை நாள், பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போனவள், வாங்கிப் போக வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, எலுமிச்சை மரத்திலிருந்தே நிற்கிறாள்.

லிஃப்ட் மெக்கானிக் இருவரையும் பார்த்தார். மூக்கும் நெற்றியும் அப்படியே அச்சு. "உங்க பொண்ணா?" என்று கேட்டு, அவள் பக்கம் குனிந்து, "என்ன பாப்பா, அப்பா சமையல் எப்படி? உண்மையச் சொல்லணும்" என்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கும் அங்கிள்" என்றாள். "மாமாதான் மூடியத் திறந்து திறந்து பாத்துட்டே இருப்பாரு."

லிஃப்ட் மெக்கானிக் அதோடு தீர்மானித்துவிட்டார். குழந்தை பொய் சொல்லுமா?

கிரில்காரர் சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒன்றும் கேட்காமல் போனாள். ரயில் எஞ்சினை வண்டியில் ஏற்ற ஒத்தாசை செய்தார். சூப்பர்வைசர் வந்து முதுகில் தட்டினார். அந்தத் தட்டு பட்ட இடம் சாயங்காலம் வரை எரிகிற மாதிரியே இருந்தது. தான் சொன்ன பொய்களுக்காக அவர் கூசவில்லை, இன்னும் இல்லை. அந்தப் பெண் எவ்வளவு லாவகமாகச் சொன்னாள் என்பதுதான் அவரை வதைத்தது. இல்லாத மாமாவை எடுத்து, சரியான இடத்தில் வைத்து, ஒரு சிரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்று பார்த்தே பிடித்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் பேச்சை எடுப்பாளோ என்று பயந்துகொண்டே இருந்தார். அவள் பரீட்சையைப் பற்றிப் பேசினாள், தோழியின் புது மூக்குக்கண்ணாடியைப் பற்றிப் பேசினாள். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போன இடைவெளியில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏம்ப்பா, நம்ம எலுமிச்ச மரம் எந்தப் பக்கம் இருக்கு?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். அம்மா வந்ததும் அவள் பழையபடி மூக்குக்கண்ணாடிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் அவருக்கும் நடுவே, அம்மாவுக்குத் தெரியாமல், இப்போது ஒன்று இருந்தது. அப்பாவும் மகளும் பகிர்ந்துகொள்கிற ரகசியம் என்றால் இனிப்பாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். இது வாயில் துரு மாதிரி இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து லிஃப்ட் மெக்கானிக் மறுபடி கடைக்கு வந்தார். தூரத்தில் பார்த்ததுமே கிரில்காரர் சண்டைக்குத் தயாராகிவிட்டார். மாற்றித் தருகிறோம், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டிய வார்த்தைகளையெல்லாம் நாக்கில் அடுக்கிக்கொண்டார். வந்தவர் சண்டைக்கு வரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, விருந்து சரியாக வரவில்லை என்றார். பழைய கட்டடத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். கறியோ, மேலே கன்னங்கரேல் என்று புகை பிடித்து, உள்ளே ரத்தம் கட்டி, கடித்தால் தார் மாதிரி ஒரு கசப்பு. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிரமாதம், பிரமாதம் என்றே சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு அவர் மனைவி பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், தொட்டிக்குத் தொட்டி, காகிதத்தில் சுற்றிய கறித்துண்டு.

அதைச் சொல்லி அவர் சிரிக்க முயன்றார். "என் கையிலதான் ஏதோ கோளாறு சார். நீங்க சொன்ன மாதிரியேதான் மூடுனேன். நெருப்பும் அணைஞ்சு அணைஞ்சு போச்சு. லிஃப்டத் தவிர எனக்கு எந்த மிஷினும் வசப்படாது போல."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். கிரில்காரர் ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு தடவை கூட நின்று செய்து காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார். பாப்பாவையும் கூட்டி வர வேண்டும். மனைவியிடம் பாப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், அவளுக்குப் பார்க்க வேண்டுமாம்.

கிரில்காரர் பார்க்கலாம் என்றார். அடுத்த தடவை கேட்டபோது உடம்பு சரியில்லை என்றார். மூன்றாவது தடவை லிஃப்ட் மெக்கானிக் கடைக்கே போன் போட்டார், எடுத்தது சூப்பர்வைசர். வாடிக்கையாளர் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டால் போகாமல் இருப்பது என்ன பழக்கம் என்று சூப்பர்வைசரே நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

போன் வந்த அன்று மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கிரில்காரர், புதுச் சரக்கோடு வந்திருந்த இன்னொரு ரயில் எஞ்சினின் நெருப்புப்பெட்டியைத் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் உறையில் கிடந்த விளக்கப் புத்தகத்தை எடுத்தார். இத்தனை காலம் விற்றும் அதை அவர் பிரித்ததில்லை. நடுப்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: நெருப்பு எரியும்போது புகைபோக்கியை ஒருபோதும் முழுவதும் மூடாதீர்கள். காற்றோட்டம் நின்றால் நெருப்பு திணறும், கெட்ட புகை கரியாக உணவில் படியும். அவர் புத்தகத்தை மூடி உறையில் போட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். ஏப்ரனின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே கறியைத் தொட்டியில் ஒளித்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் பார்த்தே இராத முகங்கள். தன் கையையே குறை சொல்லிக்கொண்டு நின்றவரின் தடித்த விரல்களும் தெரிந்தன.

அன்று ராத்திரி மனைவியிடம் சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்கு ஒரு அண்ணனா? அதுவும் இவ்ளோ அவசரக்குடுக்கையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவள அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள். "போய் அவ முன்னாடியே சொல்லிருங்க. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

போகும் வழியெல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், செருப்பைக் கழற்றுவதற்கு முன். ஆனால் வாசலில் லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் சேர்ந்து நின்றார்கள். இருவரும் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும், சமைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சலுகை கொடுத்துக்கொண்டார்.

கொல்லை சின்னதுதான். பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். சுவர் ஓரமாக வெவ்வேறு நாற்காலிகள், ஒன்றுக்கொன்று ஜோடி இல்லாதவை. நடுவில் ரயில் எஞ்சின், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று. லிஃப்ட் மெக்கானிக் இடுக்கியை இரண்டு கையாலும் நீட்டினார். கிரில்காரர் வாங்கிக்கொண்டார். காகிதத்தைச் சுருட்டி வைத்து, கரியை அடுக்கி, பற்றவைத்தார். அது இரண்டு தடவை அணைந்து மூன்றாவதில் பிடித்தது. விறகு வைத்தார். புகைபோக்கியை நன்றாகத் திறந்துவிட்டார்.

"மூடணும்னு சொன்னீங்களே சார்?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

இதைவிட நல்ல இடம் இனி வராது. கிரில்காரருக்கு அது தெரியும். இரண்டடி தள்ளி மகள் நின்றாள். வாயைத் திறந்தார். "காத்து அடிக்கிற நாள்ல திறந்து வைக்கலாம் சார்" என்று வந்தது.

லிஃப்ட் மெக்கானிக் அதை மனசில் குறித்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினார். மகள் நகர்ந்துபோய் சுவர் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நெருப்பு மளமளவென்று எரிந்தது. புகை வெள்ளையாகத் திரண்டு வந்து, கொஞ்ச நேரத்தில் மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலமாக ஆனது. இறைச்சியை வைத்தார்கள். விறகு போட நெருப்புப்பெட்டியின் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. கிரில்காரர் துணி இல்லாமல் வெறுங்கையால் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். தொட்ட வேகத்தில் கையை இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். தினமும் அதில் சமைக்கிறவன் அப்படிப் பிடிக்க மாட்டான். லிஃப்ட் மெக்கானிக் ஓடிப்போய் ஈரத்துணி கொண்டு வந்தார். சுற்றிவிட்டு, அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். மிஷின்களோடு வாழ்கிறவர் அல்லவா. ஒருவர் ஒரு மிஷினைத் தொடுகிற விதம் அவருக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

மத்தியானம் தாண்டி உட்கார்ந்தார்கள். கறி இன்னும் வேக வேண்டியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி உள்ளிருந்து சோறும் குழம்பும் எடுத்து வந்து, குழந்தை பசியோடு இருக்கக்கூடாது என்று முதலில் சிறுமிக்குப் பரிமாறினாள். மெலிந்த, வாய் ஓயாத பெண்மணி. இந்த மண்ணில் என்ன வைக்கலாம் என்று அவளுக்கு ஒரே யோசனையாம். எலுமிச்சை வைக்கலாமா? உங்கள் வீட்டு மரம் எத்தனை வருஷத்தில் காய்த்தது? நிறையக் காய்க்குமா?

சிறுமியிடம்தான் கேட்டாள். சிறுமி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எங்களுக்குக் கொல்லை இல்ல ஆன்ட்டி" என்றாள். "மூணாவது மாடி. மரமும் இல்ல. மாமாவும் கிடையாது. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

விறகு ஒரு தரம் வெடித்தது. அந்த அம்மாள் கையில் கரண்டியோடு கணவனைப் பார்த்தாள். கிரில்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. மகள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற கோபம் ஒரு துளிகூட இல்லை. "நான் பொய் சொன்னேன்" என்றாளே. "அப்பா சொன்னார்" என்று அவள் சொல்லவில்லை.

"அவ இல்ல சார்" என்றார். "நான்தான். எங்க வீட்ல கிரில்லே கிடையாது. நான் இன்னிக்குத்தான் மொதல் தடவை பத்த வெக்கிறேன். அவ எனக்காகச் சொன்னா."

லிஃப்ட் மெக்கானிக் புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த மூடச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

"நானாச் சொன்னது சார். மூடக் கூடாதாம். போன வாரந்தான் படிச்சேன்."

"காத்து அடிக்கிற நாள்னு சொன்னீங்களே, இப்ப?"

கிரில்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் என் கையத்தான் திட்டிட்டு இருந்தேன்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஒருமுறை அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எழுந்து போய் நெருப்பைப் பார்த்தார். இரண்டு துண்டு விறகு போட்டார், துணியால் கைப்பிடியைப் பிடித்து. அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கிளம்பிவிடலாம் என்று கிரில்காரர் எழுந்தார். அந்த அம்மாள் விடவில்லை. "உக்காருங்க. குழந்தை பாதியில எழுந்திரிக்கக் கூடாது" என்று அவருக்கும் பரிமாறினாள். குரலில் முன்பிருந்த கலகலப்பு இல்லை; ஆனால் அகப்பை நிறையத்தான் போட்டாள். கறி வெந்ததும் அதையும் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். நன்றாகவே வந்திருந்தது. அவருக்கு வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சாப்பிட்ட சாப்பாடு வேறில்லை. ஒவ்வொரு துண்டையும் மென்று விழுங்க வேண்டியிருந்தது. தொட்டியில் ஒளித்துவைக்க அவருக்கு முகமில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது, கடையில் சொல்லி வேறொன்று மாற்றித் தருகிறேன், உருண்டையோ டிரம்மோ எது வேண்டுமோ என்றார். லிஃப்ட் மெக்கானிக் வேண்டாம் என்றார். "இருக்கட்டும். திறந்து வெச்சா நல்லாத்தான் எரியுது." சிறுமியின் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கிரில்காரரைப் பார்த்துப் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் இருவருடைய உடுப்பும் புகை மணத்தது. முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ரொம்ப தூரம் போன பிறகு மகள், "கோவமாப்பா?" என்றாள்.

"இல்லம்மா."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, இதற்குமேல் தாங்குமா என்று தெரியாமலே, அன்று கடையில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். அவள் யோசித்தாள்.

"தெரியலப்பா. உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு."

திட்டியிருந்தால் தேவலை. சுட்டுக்கொண்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரை அவர் அப்படியே உட்கார்ந்து வந்தார். வீட்டுக்குப் போனதும் மனைவி, சொன்னீங்களா என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னார், மகள் முந்திக்கொண்டதையும் சேர்த்து. பாவமாக இருந்தது என்று அவள் சொன்னதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அது இன்றுவரை மனைவிக்குத் தெரியாது.

கடையில் அவர் இப்போதும் அதே மூலையில்தான் நிற்கிறார். வீடு மாடியில் என்று சொல்லிவிடுகிறார். நானே சமைத்தது ஒரே ஒரு நாள், வாங்கிப் போனவர்கள் சொன்னதைத்தான் சொல்ல முடியும் என்கிறார். சிலர் அதைக் கேட்டு முகம் சுளித்துப் போய்விடுகிறார்கள். சூப்பர்வைசர் அவரிடம் முன்போல முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பழைய வாடிக்கையாளர் யாராவது மச்சானை விசாரித்தால், தைரியமான நாளில் உண்மையைச் சொல்கிறார். மற்ற நாட்களில் கரி மூட்டையைத் தூக்குகிற சாக்கில் குனிந்துகொள்கிறார். அப்படிக் குனிகிற நாட்கள் இன்னும் இருக்கின்றன. லிஃப்ட் மெக்கானிக் அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. விறகும் கரியும் வேறெங்கோ வாங்குகிறார் போலிருக்கிறது.

மகள் எப்போதாவது வருவாள். வந்தால் பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வாள். இவர் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஆனாலும் புத்தகத்தில் தாள் புரளாமல் இருக்கும்போது அவருக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. அந்த நேரத்தில் அவருக்குப் பேச்சு தடுமாறும். காது மடல் சூடாகும். எதிரில் நிற்பவர், இவருக்கு அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அவர் நினைத்தால் நினைக்கட்டும் என்று, கிரில்காரர் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார்.